‘4கே’ என்று வாங்கிய கமெரா: லெகோப் படம் எடுக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் வாசியுங்கோ

16,500 ரூபா போய்விட்டது. கடையின் பெயரை எழுதப் போவதில்லை. அதே பெட்டியைப் பிறகு வேறு கடைகளிலும் கண்டேன், அதனால் சாமானைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அக்காவின் மகனுக்கு 12 வயது. கனடாவிலிருந்து சித்தப்பா அனுப்பிய லெகோக் கட்டைகளால் இரணைமடுக் குளத்து வான்கதவைக் கட்டி, கதவு திறக்கும்போது இரண்டு பேர் வள்ளத்தோடு இழுபட்டுப் போவதை ஸ்ரொப் மோஷனில், அதாவது பொம்மையை நகர்த்தி நகர்த்தி ஒவ்வொரு படமாய் எடுத்துச் சேர்த்து ஓடவிடுகிற முறையில், எடுத்துக்கொண்டிருந்தான். செக்கனுக்கு 12 படம். ஒரு நிமிடக் கதைக்கு 720 தரம் பொம்மையைத் துளித்துளியாய் நகர்த்த வேண்டும். பால்மா டின்னில் சாத்தியிருந்தது அக்காவின் போன். கோல் வந்தால் அக்கா அதைத் தூக்குவா. திரும்ப வைத்தால் குளம் ஒரு விரல் தள்ளி நிற்கும். பெடியன் அழாத குறை. சரி, தனியாக ஒரு கமெரா வாங்கிக் கொடுப்போம் என்று கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்கு பஸ் ஏறினேன்.

“அண்ணை, யூடியூப் பெடியள் எல்லாம் இதைத்தான் கொண்டு போறவை. 4கே, 48 மெகாபிக்சல்.” கடைக்காரன் கமெராவை லப்டொப்பில் செருகி வீதிப் பக்கம் திருப்பினான். எதிர்க்கடைப் பெயர்ப்பலகை பளிச்சென்று தெரிந்தது. நானும் காசை எண்ணிக் கொடுத்தேன். 4கே படம் என்றால் 3840க்கு 2160 புள்ளி, பெருக்கினால் 83 இலட்சத்துக்குக் கிட்ட, அதாவது 8 மெகாபிக்சல். மிச்ச 40 எங்கிருந்து வந்தது என்று அந்த இடத்தில் கேட்கத் தோன்றவில்லை. கணக்கு வாத்தியாரின் மகன் நான்.

இரவு மேசையில் வைத்துப் பார்த்தால் பொம்மைக்கு முகமே இல்லை. லெகோ மனிசன் 4 சென்ரிமீற்றர் உயரம். அவன் படம் நிறைய நிற்க வேண்டுமென்றால் கமெரா ஒரு சாணுக்குள் வர வேண்டும். இதுவோ கைநீளத்துக்கு அப்பால்தான் தெளியுது. போகஸ் நிலையாகப் பூட்டப்பட்டது, வில்லையைத் திருகிப் பார்த்தேன், பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். தள்ளி வைத்து எடுத்துப் பிறகு வெட்டிப் பெருப்பித்தால் வள்ளமும் ஆளும் கூழாகின்றன. 1280க்கு 720 அளவில் ஒரு படமும் அந்த ‘4கே’ அளவில் ஒரு படமும் எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். பெரியதில் ஒரு கோடு கூடுதலாக இல்லை, சின்னப் படத்தை ஊதிவிட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அதைவிட மோசம் வெளிச்சம். பெடியன் கையை உள்ளே விட்டு எடுக்கிற ஒவ்வொரு தரமும் கமெரா தானாகவே வெளிச்சத்தையும் நிறத்தையும் மாற்றுது. ஓடவிட்டுப் பார்த்தால் குளம் மின்மினி மாதிரி விட்டுவிட்டு ஒளிருது. அதை நிறுத்தி வைக்க மென்பொருளில் ஒரு வழியும் இல்லை.

அடுத்தநாள் திரும்பக் கொண்டு போனேன். ஏ9 வீதியில் ஒரு பக்கத்துக்கே எழுபது கிலோமீற்றருக்கு மேல். “உடைச்ச பெட்டி எடுக்கிறேல்லை, அண்ணை. பழுதென்றால் மட்டும்தான் வோறண்டி.” திரும்பவும் செருகினான், திரும்பவும் வீதிப் பக்கம் திருப்பினான். அதே பெயர்ப்பலகை. “வேலை செய்யுதுதானே?” பற்றுச்சீட்டில் ‘கமெரா 1’ என்று மட்டும் இருந்தது; மொடலும் இல்லை, 4கே என்ற சொல்லும் இல்லை. வாங்கும்போது அதை எழுதுவிக்காதது என் பிழை.

ஒரு கட்டையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போயிருந்தால் இவ்வளவும் நடந்திராது. லெகோவின் ஒவ்வொரு குமிழிலும் நிறுவனப் பெயர் பொறித்திருக்கும். ஒரு சாண் தூரத்தில் அந்த எழுத்து வாசிக்க முடிகிறதா என்று கடையிலேயே பாருங்கோ. வேறு கொம்பனிக் கட்டையென்றால் ஐயாயிரம் ரூபா நோட்டின் சின்ன எழுத்து காணும். பிறகு கையை முன்னால் ஆட்டிப் பாருங்கோ, பின்னணி கறுத்து வெளுத்தால் வேண்டாம். போகஸ், வெளிச்சம், நிறம் மூன்றையும் நாங்களே பிடித்து நிறுத்தக்கூடியதாக இருக்க வேண்டும். லொஜிடெக் சி920 போன்ற வெப்கமெராவில் ஓட்டோ போகஸை மென்பொருளால் நிறுத்தலாம். படத்தின் அளவு 1920க்கு 1080 வரைதான், ஆனால் இந்த வேலைக்கு அது தாராளம்.

இப்போது என் பழைய போனில் சிம்மைக் கழற்றி, இரண்டு பலகைத் துண்டுக்கு நடுவில் இறுக்கி வைத்திருக்கிறோம். இயர்போனின் சத்தம் கூட்டுகிற பொத்தானை அமத்தினால் படம் விழும், போனில் கை படாது. யன்னலைப் போர்வையால் மூடி ஒரே ஒரு மேசை விளக்கு. பகலில் முகில் போய் வருவதே படத்தில் தெரியும் என்று பெடியன்தான் கண்டுபிடித்தான். மலிவு எல்ஈடி பல்ப் சிலது எங்கள் 50 ஹேர்ட்ஸ் கறண்டில் படத்தில் பட்டை விழுத்தும், அதையும் மாற்றினோம்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதியிருக்கிறேன், அந்த இரண்டு படத்தையும் பெட்டியின் போட்டோவையும் சேர்த்து. அவர்களின் இலக்கம் 1977. கமெராவை அக்கா ஸூம் ரியூஷனுக்கு எடுத்துவிட்டா. கைநீளத்துக்கு அப்பால் இருந்து படிக்கிற பிள்ளைக்கு அது நல்ல கமெராதான்.