கல்மண்டபம் பக்கத்துல போர்டு இல்லாத மெஸ்ஸு: கொழம்புக்கு நாலு ஸ்டார், செவுத்துக்கு ரெண்டு

மொதல்ல சாப்பாட்ட சொல்லிடறேன், ஏன்னா மிச்சமெல்லாம் சண்டை. ராயபுரம் கல்மண்டபத்துல எறங்கி காசிமேடு பக்கமா நடந்தா ஒரு சந்துல இருக்கு, போர்டு கிடையாது, வாசன வச்சிதான் கண்டுபிடிக்கணும். சங்கரா மீன் கொழம்பு தான் இங்க மேட்டர். காலைல வச்சத மத்தியானம் ஊத்துறாங்க, அதுக்குள்ள புளி எறங்கி மேல எண்ணெ தெளிஞ்சி நிக்கும். மீன, மெஸ்ஸ நடத்துற அக்காவே விடிகாலைல காசிமேடு போயி எடுத்துட்டு வர்றாங்க, ஐஸ் மீனான்னு கேட்டா கோவத்துல செவுள தூக்கி மூஞ்சிக்கு நேரா காட்டுவாங்க. நெத்திலி வறுவல் சூப்பர். கடம்பா தொக்கு மட்டும் வேணாம், ரெண்டு தடவையும் ரப்பர் மாதிரி இழுத்துச்சி. மீல்ஸ் 100 ரூபா, ரசம் சுமார்.

இப்போ செவுரு. போன மாசம் எண்ணூர் ரோட்டுல ஒரு கம்பெனில காண்ட்ராக்ட் பசங்க வேலைய நிறுத்திட்டு கேட்டுக்கு வெளிய உக்காந்தாங்க, என் மச்சானும் அதுல ஒருத்தன். அக்கா அவங்களுக்கு 11 நாளும் 40 ரூபாக்கு மீல்ஸ் போட்டாங்க, காசு இல்லனா நோட்டுல எழுதிக்கிட்டாங்க, பெரிய மனசு, இல்லன்னு சொல்லல. ஆனா பசங்க "கோரிக்கை நோட்டீஸ கடை செவுத்துல ஒட்டிக்கிறோம்க்கா"ன்னு கேட்டதும் "சோறு எவ்ளோ வேணா துண்ணு, செவுத்த கேக்காத, நாளைக்கு போலீஸ்காரன் வந்து நின்னா நீயா பதில் சொல்லுவ"ன்னுட்டாங்க.

எனக்கு அங்கதான் உறுத்துச்சி. அன்னிக்கி எதிர் பெஞ்சுல ஹார்பர்ல கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆன ஒரு தோழர் உக்காந்திருந்தாரு, அவருகிட்ட வாய வுட்டேன். 1953 ஜூன் 16, ரெண்டா பிரிஞ்சிருந்த ஜெர்மனில சோவியத் கைல இருந்த கிழக்கு பெர்லின், ஸ்டாலின் அல்லேன்ற ரோட்டுல பில்டிங் கட்டிட்டிருந்த கொத்தனாருங்க கரண்டிய கீழ போட்டுட்டாங்க, ஏன்னா அதே கூலிக்கு வேலை அளவ 10 சதவீதம் ஏத்தி ஆர்டர் வந்திருந்துச்சி, ஆர்டர் போட்டது தொழிலாளி கவர்மென்ட்டுன்னு சொல்லிக்கிட்ட கம்யூனிஸ்ட் கவர்மென்ட்டு. அன்னிக்கே ஆர்டர வாபஸ் வாங்கியும் யாரும் திரும்பி போவல, கோரிக்கை அதுக்குள்ள சுதந்திரமா எலெக்‌ஷன் வைய்யின்ற வரைக்கும் போயிடுச்சி. மேற்கு பெர்லின்ல அமெரிக்காக்காரன் நடத்துன ரியாஸ் ரேடியோ ஸ்டேஷனுக்கே நேரா போயி, எங்க பொது வேலைநிறுத்த அழைப்ப ஒலிபரப்புங்கன்னு கேட்டாங்க. ஸ்டேஷன்காரங்க கோரிக்கைய நியூஸா படிச்சாங்க, அழைப்ப மட்டும் நேரா வுட மாட்டோம்னுட்டாங்க. அக்காவோட செவுரு ஞாபகம் வருதா?

மறுநாள் 700 ஊருக்கு மேல பரவி, சோவியத் டாங்கி எறங்கி, அம்பது பேருக்கு மேல செத்தாங்க. அப்புறம் ஜூலை கடைசில அமெரிக்கா சாப்பாட்டு பார்சல எடுத்துக்கிட்டு வந்துச்சி, மாவு, பட்டாணி, பால் டின், பன்னி கொழுப்பு. அக்டோபர் வரைக்கும் மேற்கு பெர்லின்ல வச்சி 55 லட்சம் பார்சல். கிழக்குல இருந்து சனம் ரயிலேறி வந்து க்யூவுல நின்னு வாங்குச்சி, அவங்க கவர்மென்ட்டு அத பிச்சை பார்சல்னு திட்டி, பெர்லினுக்கு டிக்கெட் குடுக்கறதயே நிறுத்தி, கைல இருந்தத புடுங்குச்சி.

தோழரு "எல்லாம் சிஐஏ வேலைடா"ன்னாரு. "கொத்தனாருக்கு 10 சதவீதம் ஏத்துனதும் சிஐஏவா தோழரே?"ன்னேன். ரசத்த ஒரு வாய் குடிச்சிட்டு "அது தப்பு தான், ஆனா கொழுப்பு டின்னு குடுத்தவனும் சும்மா குடுக்கலயே"ன்னாரு. அதுவும் கரெக்ட்டு தான், அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் 15 மில்லியன் டாலருக்கு சாப்பாடு தர்றேன்னு சொன்னப்போ மாஸ்கோ வேணாம்னு சொல்லும்னு அவருக்கு தெரியாதா என்ன. ஆனா பார்சல் வாங்குனவன நான் கொற சொல்ல மாட்டேன், பசிச்சா நானும் தான் நிப்பேன்.

போலந்து கதைய சொன்னதும் தான் பெரியவரு நிமிந்து உக்காந்தாரு. 1980 ஜூலைல கறி வெல ஏறுச்சி, ஆகஸ்ட் 14 க்டான்ஸ்க் கப்பல் கட்டுற எடத்துல ஸ்ட்ரைக்கு, காரணம் அன்னா வாலென்டினோவிச்னு ஒரு கிரேன் ஆப்பரேட்டர வேலைய வுட்டு தூக்குனது. "பொம்பள கிரேன் ஓட்டுச்சா, அந்த காலத்துலயா?"ன்னு ரெண்டு தபா கேட்டாரு. ஊர் சனங்க கேட்டு வழியா ரொட்டி குடுத்தாங்க, உள்ள இருந்தவங்க 21 கோரிக்கைய பலகைல எழுதி கேட்டுல தொங்க வுட்டாங்க. மொத கோரிக்கை ஆளுற கம்யூனிஸ்ட் கட்சி கைல இல்லாத சங்கம், சாப்பாட்டு சப்ளையும் கறியும் பத்தாவதுல இருந்து தான் வருது. 1981 டிசம்பர்ல ராணுவ சட்டம் போட்டப்புறம் சர்ச்சு வழியா சாப்பாட்டு மூட்ட போச்சி, கூடவே அமெரிக்க தொழிற்சங்க கூட்டமைப்பு ஏஎஃப்எல்-சிஐஓ திருட்டுத்தனமா பணமும் அச்சு மிஷினும் அனுப்புனாங்க. 1953ல கெடைக்காதது அந்த மிஷினு தான். பார்சல் தீந்தா தீந்துடும், நோட்டீஸ் அடிக்கறவன் அடுத்த வாரமும் அடிப்பான்.

அக்கா எல எடுத்துக்கினே எல்லாத்தையும் கேட்டுட்டு, "அந்த பலகைய மெஸ்ஸு செவுத்துலயா மாட்டுனாங்க, கம்பெனி கேட்டுலயா?"ன்னாங்க. கம்பெனி கேட்டுலக்கான்னேன். "பாத்தியா"ன்னுட்டு அடுத்த பெஞ்சுக்கு ரசம் ஊத்த போயிட்டாங்க.

ஒன்ற மணிக்கு மேல போனா சங்கரா காலி. ஜிபே இருக்கு ஆனா சந்துல டவர் கெடைக்காது, சில்லற எடுத்துட்டு போங்க.