வண்டியைப் பார்க்கும் முன் கம்பெனியின் கணக்கைப் பாருங்கள்: என் 1,40,000 போன விதம்

ஒரு லட்சத்து நாற்பதாயிரம். முழுப் பணத்தையும் கட்டி வாங்கிய மின்சார ஸ்கூட்டர் தூசி படிந்து நிற்கிறது. அதைத் தயாரித்த கம்பெனி திவாலாகிவிட்டது என்பது நேற்றுத்தான் உறுதியானது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். விவகாரம் இன்னும் முடியாததால் பெயரைச் சொல்லவில்லை. மின்சார இருசக்கர வாகனம் மட்டுமே தயாரிக்கும், தொடங்கிச் சில வருடங்களே ஆன நிறுவனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும் முன் ஒரு வாகனக் கம்பெனியின் பண நிலையை எப்படிப் பார்ப்பது என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

ஷோரூமில் நான் முதலில் கேட்டதே இதைத்தான்: "புதுக் கம்பெனியாச்சே, நாளைக்கு ஸ்பேர் கிடைக்குமா?" விற்பனையாளர் பதில் சொல்லாமல் வாரண்டி புத்தகத்தை எடுத்து மேசையில் விரித்தார். வழவழப்பான கனத்த தாள். நடுப்பக்கத்தில் பேட்டரிக்கு எட்டு வருடம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு, "எட்டு வருஷம் இருக்க மாட்டோம்னா எட்டு வருஷம் எழுதிக் கொடுப்போமா சார்?" என்றார். அந்த ஒரு கேள்வியில்தான் நம்பினேன். யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள்.

அந்த மாதம் மட்டும் பெரிய தள்ளுபடி என்றார். ஆனால் தவணை கிடையாதாம், முழுத் தொகையையும் உடனே கட்ட வேண்டுமாம். கட்டினேன். 1,40,000.

எட்டு வருடம் என்று அச்சடிக்க எந்தக் கம்பெனிக்கும் செலவில்லை. அந்த எட்டு வருடமும் பழுது பார்த்துக் கொடுக்கப் பணத்தை ஒதுக்கி வைப்பதுதான் செலவு. அதற்கு எவ்வளவு ஒதுக்கிக் கணக்கு எழுதியிருக்கிறார்கள் என்று புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் இருக்காது. கம்பெனியின் ஆண்டறிக்கையில், வாரண்டிக்கான ஒதுக்கீடு என்ற வரியில்தான் இருக்கும்.

ஒருநாள் காலையில் ஆன் செய்தால் திரையில் சிவப்பு எச்சரிக்கை, சக்கரம் நகரவில்லை. சர்வீஸ் சென்டரில், பேட்டரியைக் கட்டுப்படுத்தும் போர்டு போய்விட்டது, வாரண்டியில் மாற்றித் தருகிறோம் என்றார்கள். சரி என்று விட்டுவிட்டு வந்தேன். அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. "பார்ட்ஸ் ஆர்டர் போட்டாச்சு சார்." "அடுத்த வாரம் லோடு வருது சார்." "மேலே சொல்லியிருக்கோம், அவங்களே கூப்பிடுவாங்க சார்." யாரும் கூப்பிடவில்லை. மேலாளரைப் பார்க்க வேண்டும் என்றால் மீட்டிங்கில் இருக்கிறார் என்பார்கள், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அவர் உட்கார்ந்திருப்பது எனக்கே தெரியும். கடைசியில் ஒரு மெக்கானிக்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னார்: "கம்பெனியிலிருந்து பார்ட்ஸ் வந்தே மாசக்கணக்காகுது. எங்களுக்கே சம்பளம் ஒழுங்கா வரல." அந்தத் தம்பி நன்றாக இருக்கட்டும்.

வெளியில் கொடுத்துப் பழுது பார்க்கவும் வழியில்லை. புதிய போர்டைப் போட்டாலும் கம்பெனியின் மென்பொருளில் பதிவு செய்தால்தான் பேட்டரி அதை ஏற்கும், அந்த மென்பொருள் வெளியே யாரிடமும் இல்லை. கொஞ்ச நாளில் கைபேசிச் செயலியும் திறக்கவில்லை. சர்வர் நின்றுவிட்டது. காப்பீட்டில் கேட்டேன். மோதினாலோ திருடு போனாலோ மட்டும்தான், உள்ளே பழுதானால் கிடையாது என்றார்கள்.

மறுபடி ஷோரூமுக்குப் போனால், "வாரண்டி கம்பெனி கொடுத்தது, நாங்க விக்கிறவங்க மட்டும்தானே சார்" என்கிறார் அதே ஆள். எட்டு வருஷம் என்று விரலை வைத்துக் காட்டிய அதே கை. கம்பெனி எண்ணுக்கு அடித்தால் பதிவு செய்த குரல், 'உங்கள் விற்பனையாளரை அணுகவும்' என்கிறது. இதைவிட ரத்தம் கொதித்த இடம் ஒன்று உண்டு. அந்த ஷோரூம் இப்போது வேறு பிராண்டு விற்கிறது. என் வண்டியைக் காயலான் கடை விலைக்கு எடுத்துக்கொண்டு புதிய வண்டி தருகிறோம் என்று கூசாமல் கேட்டார்கள். 1,40,000 வாங்கிய வாயால்.

அதன் பிறகுதான் அந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையைத் தேடிப் படித்தேன். நான் பணம் கட்டுவதற்கு முன்பே வெளியான அறிக்கை. தணிக்கையாளர் எழுதியிருக்கிறார்: நிறுவனம் தொடர்ந்து இயங்குமா என்பதில் கணிசமான ஐயம் இருக்கிறது என்று. அடுத்த பன்னிரண்டு மாதமாவது கம்பெனி தாங்குமா என்பதைத் தணிக்கையாளர் பார்க்க வேண்டும், சந்தேகம் இருந்தால் அதைத் தனித் தலைப்பிட்டு எழுத வேண்டும். இவர் எழுதிவிட்டார். முதலீட்டாளர்களுக்கும் வங்கிகளுக்கும் தெரிந்த விஷயம், முழுப் பணம் கட்டுகிற நமக்கு மட்டும் ஒருவரும் சொல்வதில்லை.

இது எனக்கு மட்டும் நடந்ததில்லை. அமெரிக்காவின் ஃபிஸ்கர் கார் கம்பெனி, இன்னும் ஒரு வருடம் ஓடுவோமா என்பதே சந்தேகம் என்று 2024 பிப்ரவரி கடைசியில் தானே அறிவித்தது. அடுத்த மாதம் உற்பத்தியை நிறுத்தியது. அதே மாதம் ஓஷன் காரின் உயர்ந்த வகைக்கு 24,000 டாலர் வரை விலையைக் குறைத்தது. ஜூனில் திவால் மனு. அந்த விலைக் குறைப்பைப் பார்த்து வாங்கியவர்களை நினைத்துப் பாருங்கள். எனக்குக் கிடைத்த தள்ளுபடியும் இதே ரகம்தான், கையில் காசில்லாதவன் இருப்பில் உள்ளதை வந்த விலைக்குத் தள்ளிய தள்ளுபடி.

நெதர்லாந்தின் வான்மூஃப் மின்சார சைக்கிள் கம்பெனி 2023 ஜூலையில் திவாலானபோது, செயலி நின்றுவிட்டால் பூட்டு திறக்காதே என்று வாங்கியவர்கள் பதறினார்கள். பூட்டைத் திறக்கும் டிஜிட்டல் சாவியைச் சேமித்துவைக்க ஒரு போட்டிக் கம்பெனி தனிச் செயலி செய்து கொடுத்தது. சுவீடனின் சாப் கார் கம்பெனி கதை இன்னும் தெளிவு. 2011 ஏப்ரலில், பணம் வரவில்லை என்று உதிரிபாகம் கொடுப்பவர்கள் கையை விரிக்க, தொழிற்சாலை நின்றது. ஜூனில் சம்பளம் தள்ளிப்போனது. டிசம்பரில் திவால். உதிரிபாகத் தட்டுப்பாடு, சம்பள பாக்கி, அப்புறம் மூடுவிழா. மெக்கானிக் என்னிடம் சொன்ன இரண்டும் அப்படியே அந்த வரிசையில் இருக்கின்றன.

திவாலானால் நம் இடம் எங்கே தெரியுமா? இருக்கிற சொத்தை விற்றால் முன்வரிசையில் அடமானத்தின் பேரில் கடன் கொடுத்த வங்கிகள். வாரண்டியைக் கையில் வைத்திருப்பவர் பெரும்பாலும் பிணையில்லாமல் கடன் கொடுத்தவர்களோடு கடைசி வரிசையில். அதற்குள் அநேகமாக ஒன்றும் மிஞ்சாது. கம்பெனியை இன்னொருவர் வாங்கினாலும் பெயரையும் இயந்திரங்களையும் வாங்குவார், பழைய வாரண்டியை ஏற்க வேண்டிய கட்டாயம் பல சமயம் அவருக்கு இருக்காது.

விவரமாகச் சொல்கிறேன் என்று ஆரம்பித்தேன். இப்போது பொறுமையாக எழுதும் நிலையில் இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். ஆண்டறிக்கையில் தணிக்கையாளர் பக்கத்தை முதலில் படியுங்கள். 'தொடர்ந்து இயங்கும் திறன்' பற்றி ஐயம் என்று அங்கே தனித் தலைப்பிட்டு எழுதியிருந்தாலே வாங்காதீர்கள். கையிருப்புப் பணத்தை, ஒரு மாதத்தில் தொழிலில் கரையும் பணத்தால் வகுத்துப் பாருங்கள். இன்னும் எத்தனை மாதம் ஓடும் என்று தோராயமாகத் தெரியும். புதிய கடனோ முதலீடோ வந்தால் அது நீளலாம், ஆனால் வரும் என்று நம்பி நீங்கள் பணம் கட்டாதீர்கள். சப்ளையர் பாக்கி ஏறிக்கொண்டே போகிறதா, விற்பனை கூடியும் வாரண்டி ஒதுக்கீடு கூடவில்லையா, அதையும் பாருங்கள். பங்குச் சந்தையில் இல்லாத கம்பெனியானால் கம்பெனிப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்த கணக்கைக் கேளுங்கள். தாக்கலே தாமதம் என்றால் அதுவே பதில்.

ஷோரூமுக்குப் போகும் முன் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். அங்கே பார்ட்ஸுக்காக எத்தனை வண்டி காத்து நிற்கிறது என்று எண்ணுங்கள். செயலி இல்லாமல் வண்டி ஓடுமா என்று கேட்டு, உங்கள் கண் முன்னால் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். தள்ளுபடி, ஆனால் முழுப் பணமும் இன்றே என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

என்னைப் போல ஏற்கெனவே மாட்டியிருப்பவர்கள் அசல் பில்லையும் வாரண்டி புத்தகத்தையும் யாரிடமும் கொடுக்காதீர்கள், நகல் மட்டும் கொடுங்கள். திவால் நடவடிக்கையில் கோரிக்கை மனு கொடுக்கக் கெடு தேதி ஒன்று இருக்கும், அது தாண்டிவிட்டால் வரிசையில் கடைசி இடம்கூடச் சிக்கலாகிவிடும். என் 1,40,000க்கு நான் இன்று மனு எழுதுகிறேன். நீங்களும் இன்றே எழுதுங்கள்.