பழி ஓரிடம், பாவம் ஓரிடம்: 18 வோல்ட் பேட்டரியோடு மூன்று வருடம்

நேற்று ராத்திரி மச்சினன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். 5 ஏ.ஹெச். (ஆம்பியர் ஹவர், பேட்டரி எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்கிற அளவு) பேட்டரி விலை இறங்கியிருக்கிறதாம். கீழே ஒரே வரி: "அத்தான், வாங்கட்டா? இல்ல 2 ஏ.ஹெச். போதுமா?" கட்டைவிரலால் பதில் தட்ட ஆரம்பித்தேன். அது முடிகிற வழியாக இல்லை. சரி, முழுசாகவே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குச் செங்கோட்டை. தொழில் ட்ரஸ் வேலை. கேரளத்தில் மொட்டை மாடியை யாரும் மொட்டையாக விட்டுவைப்பதில்லை, மழை அப்படி. மேலே சதுர பைப்பில் சட்டம் கட்டி ஷீட் போட்டு மூடிவிடுவார்கள். மாசி பிறந்தால் போதும், புளியரை வளைவு ஏறி ஆரியங்காவு, தென்மலை, இடமண், புனலூர், குளத்துப்புழை என்று ஓட்டம்தான். இடவப்பாதி மழை (வைகாசி நடுவில் தொடங்குவது) இறங்குவதற்குள் எல்லாருக்கும் கூரை வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் வயர் இல்லாத மெஷினுக்கு மாறினேன். 18 வோல்ட்டில் ஒரு இம்பேக்ட் டிரைவர், ஒரு 4 இன்ச் கிரைண்டர், ஒரு டிரில். பெட்டியோடு வந்தவை இரண்டு 2 ஏ.ஹெச். பேட்டரியும் ஒரு சார்ஜரும். கம்பெனி பெயர் வேண்டாம். கீழே திட்டப் போகிறேன், எந்தக் கம்பெனி என்றாலும் பேட்டரிக்குள் இருக்கிற சங்கதி ஒன்றுதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இம்பேக்ட் டிரைவர் தங்கம். சறுக்கலான சட்டத்தில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, கீழே இருக்கிற பையனிடம் "வயரை விடுடே, இழுக்காதடே" என்று கத்திக்கொண்டு வேலை பார்த்தவனுக்குத்தான் அந்த அருமை தெரியும். வயர் போன அன்றைக்கே பாதி பயம் போய்விட்டது. செல்ஃப் டிரில் ஸ்க்ரூவை சாக்கெட்டில் வைத்து அமுக்கினால் ஷீட்டைத் துளைத்து, பைப்பைத் துளைத்து, வாஷர் லேசாகப் பிதுங்கும்போது கை தானாக விட்டுவிடும். அந்தச் சத்தம் வைத்தே இறுகிவிட்டது என்று தெரியும். இந்த வேலைக்கு 2 ஏ.ஹெச். தாராளம்.

வம்பு கிரைண்டரில்.

இடமண்ணில் ஒரு வீடு. 2-க்கு 1 இன்ச் பைப் வெட்டிக்கொண்டிருக்கிறேன். முக்கால்வாசி வெட்டு போனதும் கிரைண்டர் பொசுக்கென்று நின்றது. விட்டு அமுக்கினால் ஓடும்; பைப்பில் வைத்தால் மறுபடி நிற்கும். பேட்டரியைத் தொட்டுப் பார்த்தால் மூன்று விளக்கில் இரண்டு எரிகிறது. சார்ஜ் இருக்கிறது, அப்போது கோளாறு மெஷினில்தானே? வீட்டுக்காரச் சேட்டன் மேலே வந்து பார்த்து, "அண்ணாச்சீ, மெஷின் பணி முடக்கியோ?" என்றார். சிரிப்பு வேறு. (1956 வரைக்கும் எங்கள் ஊரே திருவிதாங்கூர்ப் பக்கம்தான், மெஷின் ஸ்ட்ரைக்கா என்று அவர் கேட்டது நன்றாகவே புரிந்தது.)

ஒரு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். கார்பன் பிரஷ் மாற்றினார்கள். இரண்டாம் முறை போனபோது ஸ்விட்ச் மாற்றினார்கள். மூன்றாம் முறை, "நீங்க ரொம்ப அமுக்குறீங்க சார்" என்றார்கள். இருபது வருடமாக கிரைண்டர் பிடிக்கிறேன் ஐயா. ஒருவர்கூட பேட்டரியைக் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. ஒன்றரை மாதமும் ரெண்டு பில்லும் போனதுதான் மிச்சம்.

குளத்துப்புழையில் வேலை செய்யும்போது கூட வந்த ஆசாரி தன்னுடைய 4 ஏ.ஹெச். பேட்டரியைத் தூக்கிப் போட்டார். அதே கிரைண்டர், அதே வீல், அதே பைப். வெண்ணெய் மாதிரி போனது. நான் மெஷினையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

ஏ.ஹெச். என்றால் எவ்வளவு நேரம் ஓடும் என்பதுதான் என்று நான் நினைத்திருந்தேன். மச்சினனும் அப்படித்தான் நினைக்கிறான். அது பாதி உண்மை. 18 வோல்ட் பேட்டரிக்குள் 3.6 வோல்ட் செல் ஐந்து வரிசையாக இருக்கும். (முழு சார்ஜில் அது 21 வோல்ட் காட்டும். '20 வோல்ட் மேக்ஸ்' என்று விற்பதும் இதே ஐந்து செல்தான்.) 2 ஏ.ஹெச்.-ல் அந்த ஒரு வரிசை மட்டும். 4 ஏ.ஹெச்., 5 ஏ.ஹெச். என்றால் பெரும்பாலும் பத்து செல். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு ஜோடி. வோல்ட் ஏறாது. ஆனால் இழுக்கிற கரண்டை இரண்டு செல் பங்கு போட்டுக்கொள்ளும்.

எங்கள் ஊர்க்காரனுக்கு இதை விளக்க ரயிலே போதும். புனலூரிலிருந்து செங்கோட்டைக்கு மலைப்பாதையில் ரயில் வரும்போது பின்னால் இன்னொரு என்ஜின் போட்டுத் தள்ளுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். தென்காசிப் பக்கம் சமவெளியில் ஒரு என்ஜின் போதும், ரெண்டு போட்டாலும் வித்தியாசம் தெரியாது. பதிமூன்று கண் பாலம் தாண்டி ஏற்றத்தில்தான் பின் என்ஜினின் அருமை தெரியும். ஸ்க்ரூ அடிப்பது சமவெளி. கிரைண்டர் மலை.

கணக்காகவும் பார்த்துவிடலாம். ஒரு செல்லின் உள் தடை 20 மில்லி ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து செல்லுக்கு 100. கிரைண்டர் இரும்பைக் கடிக்கும்போது 30 ஆம்பியர் இழுத்தால் 3 வோல்ட் பேட்டரிக்குள்ளேயே தொலைகிறது. 18 போய் 15. பத்து செல் என்றால் தடை பாதி, இழப்பு 1.5 வோல்ட்தான். தொலைகிற வோல்ட் எங்கே போகிறது? சூடாகத்தான். ஐந்து செல்லில் ஒவ்வொன்றும் 18 வாட் சூட்டை விழுங்குகிறது. சின்ன சோல்டரிங் அயர்ன் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பத்து செல்லில் ஒவ்வொன்றுக்கும் 4.5 வாட். செல் பாதி காலியான பிறகு இந்த இறக்கத்தில் வோல்ட் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனதும் உள்ளே இருக்கிற போர்டு பேட்டரியைக் காப்பாற்ற மெஷினை நிறுத்திவிடுகிறது. கையை எடுத்ததும் வோல்ட் ஏறிவிடும், விளக்கும் இரண்டு எரியும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பிரஷ்ஷும் ஸ்விட்ச்சும் மாற்றிய காசை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

கடைசியில் ஒரு 4 ஏ.ஹெச். வாங்கினேன். பழைய பில்லின் பின்னால் குறித்து வைத்த என் கணக்கு இது: 2 ஏ.ஹெச்.-ல் அந்தப் பைப் பன்னிரண்டு வெட்டு. 4 ஏ.ஹெச்.-ல் இருபத்து நான்குதானே வர வேண்டும்? முப்பதுக்குக் குறைந்ததில்லை. ஸ்க்ரூவில் அப்படி இல்லை, 130 சொச்சம் அடித்த இடத்தில் 270 சொச்சம், ஏறக்குறைய நேர் இரட்டை. பேட்டரியை வதைக்கிற வேலையில்தான் பெரிய பேட்டரி தன் கணக்குக்கு மேலே தருகிறது. வீலை மாட்டாமல் சும்மா ஓடவிட்டால் இரண்டு பேட்டரியிலும் ஒரே சத்தம். கடையில் அப்படி ஓட்டிக் காட்டுவதை நம்பி எதையும் வாங்கக் கூடாது.

அடுத்து சூடு. புனலூர் வெயில் கேரளம் முழுக்கப் பேர்போனது. பங்குனியில் ஷீட்டின் மேல் பேட்டரியை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால், திரும்பி வந்து தொட முடியாது. அதை சார்ஜரில் போட்டால் சிவப்பு விளக்கு கண்ணைச் சிமிட்டும், ஏறாது. சூடு தணிந்தால்தான் சார்ஜ் ஆரம்பிக்கும். இது கோளாறு இல்லை, சார்ஜரின் புத்திசாலித்தனம். ஆனால் வீட்டுக்காரர் கீழே நின்று வாட்சைப் பார்க்கும்போது அது புத்திசாலித்தனமாகத் தெரியாது. எங்கள் கையாள் பையன் ஒருநாள் அவசரத்துக்கு அந்த வீட்டுச் சேச்சியின் பிரிட்ஜில், மீன் கறிச் சட்டிக்குப் பக்கத்தில் பேட்டரியை வைத்துவிட்டான். சேச்சி போட்ட கூச்சலை இங்கே எழுத முடியாது. வெளியே எடுத்தபோது பேட்டரி முழுக்க வியர்த்திருந்தது. டெர்மினலில் தண்ணீர். அன்றைக்கு முழுநாள் அதை மாட்டவே இல்லை. நிழலில் டேபிள் ஃபேன் முன்னால் வைத்தாலே அரை மணியில் சரியாகிவிடும்.

நடுவில் ஒரு மடத்தனமும் பண்ணினேன். ஆன்லைனில் '6 ஏ.ஹெச்.' என்று ஒன்று, ஒரிஜினல் 2 ஏ.ஹெச். விலையைவிடக் குறைவு, என் மெஷினுக்குப் பொருந்தும் என்று போட்டிருந்தது. வந்ததும் கையில் எடுத்தேன், மனசுக்கு ஒட்டவில்லை. காய்கறிக் கடைத் தராசில் வைத்தேன். என் 4 ஏ.ஹெச். 620 கிராம், இந்த ஆறு, 390. கடைக்காரர், "இது கத்தரிக்காய்னாகூட நான் கொடுக்க மாட்டேன் அண்ணாச்சி" என்றார். திறந்து பார்த்தேன், ஐந்து செல். 18 மில்லிமீட்டர் தடிமனுள்ள இந்த வகைச் செல் ஒன்று பொதுவாக 3.5 ஏ.ஹெச். தாண்டாது, ஐந்தை வைத்து ஆறு எப்படி வரும்? சந்தையில் '48 வோல்ட்', '88 வி.எஃப்.' என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்கிற மலிவு டிரில்லையும் திறந்து பாருங்கள், உள்ளே பெரும்பாலும் அதே ஐந்து செல்தான் இருக்கும். கூட ஒரு சைபர் போட ஸ்டிக்கர் அடிக்கிறவனுக்கு என்ன செலவு?

இனி என் நிஜமான கோபம். போன வருடம் மழைக்காலத்தில் வேலை இல்லை. ஒரு 2 ஏ.ஹெச். பேட்டரி காலியான நிலையிலேயே இரண்டு மாதம் பையில் கிடந்தது. தப்பு என்னுடையதுதான், பாதி சார்ஜில் வைத்திருக்க வேண்டும். எடுத்துப் போட்டால் சார்ஜர் ஏற்றுக்கொள்ளவே இல்லை. மெஷினுக்கு ஒரு வருடம் வாரன்டி, பேட்டரிக்கு ஆறே மாதம். அது எப்போதோ முடிந்துவிட்டது. தென்காசியில் பேட்டரி பிரித்துச் சரிசெய்கிற ஒருவரிடம் கொடுத்தேன். மல்டிமீட்டர் முனையை ஒவ்வொரு செல்லாக வைத்துக் காட்டினார்: 3.6, 3.6, 3.7, 3.6. ஐந்தாவது 1.1. "ஒருத்தன்தான் செத்திருக்கான், நாலு பேரும் நல்லவங்க" என்று சொல்லிப் புதுச் செல் ஒன்று வைத்து நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் அடித்துக் கொடுத்தார். இரண்டு வாரம் ஓடியது. புதுச் செல்லும் பழைய நாலும் ஒரே வேகத்தில் காலியாவதில்லை. எது முதலில் இறங்குகிறதோ அது எல்லாரையும் நிறுத்திவிடும். மாற்றினால் ஒரே மாதிரி ஐந்தும் மாற்ற வேண்டும். அந்தச் செலவுக்குக் கொஞ்சம் சேர்த்தால் புதுசே வந்துவிடும். அது இப்போது கதவு தானாகச் சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்து நிற்கிறது.

4 ஏ.ஹெச்.-ஐ இவ்வளவு புகழ்ந்தேனே, அதுவும் குறை இல்லாதது இல்லை. கால் கிலோவுக்கு மேல் கூடுதல் கனம். தரையில் தெரியாது. தலைக்கு மேல் கையைத் தூக்கி ஸ்க்ரூ அடிக்கும்போது சாயங்காலம் மணிக்கட்டு சொல்லும். பெட்டியோடு வந்த சார்ஜரில் சின்னது ஒரு மணி நேரத்தில் ஏறும், பெரியது இரண்டு மணி நேரத்துக்கு மேல். ஆரியங்காவில் காற்றும் மழையும் சேர்ந்து கரண்ட் போய்விட்டால் அதுவும் இல்லை. போன செவ்வாய்க்கிழமை பையனின் கை தவறி அது சட்டத்திலிருந்து தரையில் விழுந்து லாக் கிளிப் உடைந்துவிட்டது. இப்போது இன்சுலேஷன் டேப் சுற்றித்தான் ஓட்டுகிறேன். இதை எழுதும்போது என் மூஞ்சி எப்படி இருக்கும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

ஆக, மாப்ள, உன் கேள்விக்கு வருகிறேன். நீ அலுமினிய ஜன்னல் வேலை. நாள் முழுக்க ஸ்க்ரூவும் சின்ன ஓட்டையும்தான். உன் 2 ஏ.ஹெச். ரெண்டையும் மாற்றி மாற்றிப் போட்டாலே போதும், ஒன்று ஓடும்போது ஒன்று ஏறும். கிரைண்டர் வாங்குகிற எண்ணம் இருந்தால் 4-க்குக் கீழே தொடாதே. இது நியாயமான பதில்.

என் பதில் வேறு. வாங்காதே. விலை இறங்கியிருக்கட்டும். அந்த ஒரு பேட்டரி காசில் வயர் வைத்த கிரைண்டர் இரண்டு வரும், கூட ஐம்பது அடி எக்ஸ்டென்ஷனும் வரும். அதற்கு ஆறே மாதத்தில் முடிகிற பேட்டரி வாரன்டியும் இல்லை, கிளிப்பும் இல்லை, கண்ணைச் சிமிட்டவும் செய்யாது. வயரை இழுக்காதே என்று கத்த ஒரு பையன் இருந்தால் போதும்.

அப்புறம் வெள்ளிக்கிழமை பாவூர்சத்திரம் வேலைக்கு என் 4 ஏ.ஹெச்.-ஐக் கேட்டிருந்தாயே, அது கிடைக்காது. எனக்கு இடமண்ணில் வெட்டு இருக்கிறது.