வீல்சேருடன் நெல்லைக்கு: இரவு ரயிலா, வந்தே பாரத்தா?

சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு அம்மாவை அழைத்துப் போக முன்பு நெல்லை எக்ஸ்பிரஸ்தான். 2023 செப்டம்பரில் வந்தே பாரத் வந்தபின் அதற்கு மாறிவிட்டோம். இரண்டிலும் போய்ப் பார்த்ததால் எழுதுகிறேன்.

காசு பார்த்தால் இரவு ரயில்தான். துணையின்றிப் பயணிக்க இயலாத, கை கால் பாதிப்புள்ளவருக்கும் உடன் செல்பவருக்கும் ஸ்லீப்பரிலும் தேர்ட் ஏசியிலும் கட்டணத்தில் 75 சதவீதம் கழியும். மாற்றுத்திறனாளிகளுக்கென்று பெர்த் ஒதுக்கீடும் உண்டு. வந்தே பாரத்தில் சலுகையே கிடையாது. பிளாட்பாரத்தைவிடப் பெட்டியின் தளம் உயரம் என்பதால், ஏற்றிவிட ஆள் இரண்டுக்கும் வேண்டும்.

எங்களுக்கு முடிவைச் சொன்னது கழிப்பறை. ஸ்லீப்பரிலோ தேர்ட் ஏசியிலோ வீல்சேர் உள்ளே உருளாது. ஆளைத் தூக்கி பெர்த்தில் உட்கார வைத்து, சேரை மடக்கி ஓரமாகச் செருக வேண்டும். நடுராத்திரி கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால், ஓடுகிற ரயிலில் மறுபடி தூக்கி, குறுகிய கதவுக்குள் இருவராக நுழைய வேண்டும். அதற்குப் பயந்து அம்மா மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார். ஊர் போய்ச் சேர்ந்ததும் நீர்க்கடுப்பு வரும். கட்டணத்தில் மிச்சம் பிடித்து அம்மாவின் உடம்பைக் கெடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

வந்தே பாரத்தின் இரு முனைப் பெட்டிகளிலும் வீல்சேர் நிறுத்த இடம் உண்டு. அதே பெட்டியில், கைப்பிடிக் கம்பிகளோடு சேர் நுழையும் அளவுக்கு அகலமான கழிப்பறையும் இருக்கிறது. அம்மா இப்போது வழியெல்லாம் தண்ணீர் குடிக்கிறார், காபியும் கேட்கிறார்.

எக்ஸ்பிரஸ் ரயில்களின் கடைசியில் கார்டு பெட்டியோடு வரும் மாற்றுத்திறனாளிகள் பகுதியிலும் அகலக் கதவும் பெரிய கழிப்பறையும் உண்டே என்பார்கள். உண்மைதான். ஆனால் பெரும்பாலும் அது முன்பதிவில்லாத இடம். ராத்திரிப் பயணத்துக்கு அதை நம்பி அம்மாவைக் கூட்டிப்போக எனக்கு மனம் வரவில்லை.

வந்தே பாரத்தில் ஏறக்குறைய எட்டு மணி நேரம் உட்கார்ந்தே போக வேண்டும். அம்மாவால் முடிகிறது. முதுகுத்தண்டு அடிபட்டு, படுக்கைப்புண் வரக்கூடியவர்களுக்குப் படுத்துப் போகும் பெர்த்தே பொருந்தலாம். மருத்துவரைக் கேட்டு முடிவெடுங்கள். எங்களுடையது மடக்கு வீல்சேர். பேட்டரி சேரை ஏற்றிய அனுபவம் எங்களுக்கு இல்லை. விருதுநகர் போல இடையில் இறங்குபவர்கள் முன்கூட்டியே கதவருகே வந்துவிட வேண்டும், ரயில் அங்கே அதிக நேரம் நிற்காது.

டிக்கெட் கைக்கு வந்ததும் முதலில் பெட்டி எண்ணைப் பாருங்கள். நடுப்பெட்டியில் இடம் விழுந்திருந்தால் இந்த வசதிகள் எதுவும் கிடைக்காது.