கணினியை அணையவிடாத ஏழு போர்ட் ஹப்

முதலில் மதிப்பெண்: ஐந்துக்கு இரண்டு. ஒரு யுஎஸ்பி போர்ட்டைப் பல போர்ட்டாகப் பிரித்துத் தரும் பெட்டிதான் ஹப். அந்த அளவில் செய்ய வேண்டிய வேலையை ஒழுங்காகச் செய்தது, அதற்காக இரண்டு. இதைச் செருகியதிலிருந்து என் டெஸ்க்டாப் முழுசாக அணைய மறுத்ததால் மீதி மூன்றும் போயிற்று. தயாரித்த நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. பெயரைப் பார்த்து ஒரு ஹப்பை ஒதுக்குவதைவிட, எந்த ஹப்பையும் வாங்கிய கையோடு எப்படிச் சோதிப்பது என்று தெரிந்திருப்பது அதிகம் உதவும். அதைத்தான் கொஞ்சம் நீட்டி எழுதியிருக்கிறேன்.

ஏழு யுஎஸ்பி 3.0 போர்ட், அலுமினியக் கூடு, ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனி சுவிட்ச், கூடவே சுவரில் செருகும் அடாப்டர். அடாப்டருக்காகத்தான் இந்த மாடலைத் தேர்ந்தெடுத்தேன். கணினியின் ஒரு யுஎஸ்பி 3.0 போர்ட்டிலிருந்து ஒரு சாதனம் கேட்டுப் பெறக்கூடிய கரண்ட் 900 மில்லிஆம்பியர்தான். அந்த ஒன்றிலேயே இரண்டு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், ஒரு ஸ்கேனர், மைக்குக்கான ஆடியோ பெட்டி எல்லாம் தொங்கினால், டிஸ்க் சுழலத் தொடங்கும் நேரத்தில் ஏதாவது ஒன்று காணாமல் போகும். தனி அடாப்டர் உள்ள ஹப் அந்தச் சுமையைத் தானே ஏற்றுக்கொள்கிறது. இந்த விஷயத்தில் குறையே சொல்ல முடியாது. பெரிய வீடியோ கோப்புகளை ஒரு டிஸ்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போதும் இணைப்பு அறுந்ததில்லை. கூடு லேசாகச் சூடாகும், அவ்வளவுதான். நீல எல்இடி மட்டும் ராத்திரியில் கண்ணைக் குத்தியது. அதன் மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டேன்.

தொல்லை ஷட் டவுன் கொடுத்த பிறகு ஆரம்பிக்கும். திரை அணையும், ஃபேன்கள் நிற்கும். ஆனால் கீபோர்டு விளக்கு எரியும், மவுஸின் அடியில் சிவப்பு எரியும், மதர்போர்டின் ஓரத்தில் ஒரு சின்ன எல்இடியும் எரிந்துகொண்டே இருக்கும். அதோடு விட்டிருந்தால் நானும் கண்டுகொள்ளாமல் இருந்திருப்பேன். மறுபடி பவர் பட்டனை அழுத்தினால் சில நாள் எந்த அசைவும் இருக்காது. சில நாள் ஃபேன் மட்டும் சுற்றும், திரையில் ஒன்றும் வராது. எல்லா வயரையும் பிடுங்கி, சற்றுப் பொறுத்து மறுபடி செருகினால் சமர்த்தாக எழுந்துகொள்ளும்.

'கணினி அணையவில்லை' என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதற்குள் இரண்டு வேறு வேறு நோய்கள் இருக்கின்றன. திரை இருண்ட பிறகும் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தால், பவர் சப்ளைக்கு 'நிறுத்து' என்ற சைகை போய்ச் சேரவில்லை என்று பொருள். விண்டோஸிலோ, ஏதோ ஒரு டிரைவரிலோ (சாதனங்களை இயக்கும் மென்பொருள்), பயாஸிலோ (மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) வேலை பாதியில் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஃபேன் நின்று விளக்குகள் மட்டும் எரிந்தால், சைகை போய்விட்டது, பெரிய சப்ளையும் நின்றுவிட்டது. எரிவதெல்லாம் ஸ்டாண்ட்பை கரண்டில், அதாவது அணைந்த பிறகும் ஓடும் சிறு கரண்டில். என்னுடையது இரண்டாவது வகை. இந்த வித்தியாசத்தை முதலிலேயே பார்த்துவிட்டால் பாதி இரவுகள் மிச்சம்.

ஸ்டாண்ட்பை என்பது 1995-இல் வந்த ஏடிஎக்ஸ் என்ற மதர்போர்டு, பவர் சப்ளை அமைப்போடு சேர்ந்து வந்த விஷயம். அதற்கு முந்தைய ஏடி கேபினட்களில் பவர் சுவிட்ச் நிஜமாகவே மின்சாரத்தை வெட்டும் சுவிட்ச். விண்டோஸ் 95 வேலையை முடித்துவிட்டு, 'இனி நீங்கள் கணினியை அணைக்கலாம்' என்று ஆரஞ்சு எழுத்தில் காட்டும். நாம் கையால் அணைக்க வேண்டும். சோம்பேறித்தனமாகத் தெரிந்தாலும் சந்தேகத்துக்கு இடமில்லாத ஏற்பாடு அது. ஏடிஎக்ஸில் முன்பக்கப் பட்டன் ஒரு வேண்டுகோள் மட்டுமே. அந்த வேண்டுகோளைக் கேட்க மதர்போர்டில் யாராவது விழித்திருக்க வேண்டும் இல்லையா, அதற்காக ஊதா நிற வயரில் 5 வோல்ட் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே, அணைத்த கணினியில் கீபோர்டு விளக்கு எரிவது பல மதர்போர்டுகளில் இயல்புதான். கீபோர்டைத் தட்டி கணினியை எழுப்பவும், அணைந்திருக்கும்போதே போனுக்குச் சார்ஜ் ஏற்றவும் அந்தக் கரண்டுதான் உதவுகிறது.

எனக்கு இது தெரியும். ஆனாலும் கணினி எழுந்திருக்க அடம்பிடித்தது இடித்தது. அதனால் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தேன்.

முதல் சந்தேகம் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் மேல். 2012-இல் விண்டோஸ் 8-உடன் வந்தது இது. ஷட் டவுன் கொடுத்தால் நம் புரோகிராம்களை மூடிவிட்டு, விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலையும் டிரைவர்களையும் இருந்தபடியே டிஸ்கில் எழுதி வைத்துவிடும். அடுத்த முறை அதைத் திரும்ப ஏற்றிக்கொள்ளும். குழம்பிப்போன ஒரு டிரைவர் குழம்பியபடியே மறுநாளும் வந்து உட்காரும். ரீஸ்டார்ட்டில் இந்தக் குறுக்குவழி கிடையாது, எல்லாம் புதிதாக ஏறும். அதனால்தான் ஷட் டவுனில் தீராத சில கோளாறுகள் ரீஸ்டார்ட்டில் தீர்கின்றன. ஒருமுறை மட்டும் முழு ஷட் டவுன் வேண்டுமென்றால் ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஷட் டவுனைக் கிளிக் செய்தால் போதும். நான் பவர் ஆப்ஷன்ஸில் போய் நிரந்தரமாகவே நிறுத்திவிட்டேன். ஒரு மாற்றமும் இல்லை. அப்புறம் விண்டோஸின் நிகழ்வுக் குறிப்புகளைக் காட்டும் ஈவன்ட் வியூவரைத் திறந்து சிஸ்டம் பதிவுகளில் தேடினேன். நான் அணைத்த நேரத்தில் 6006 என்ற எண் இருந்தது: பதிவுச் சேவை முறைப்படி நின்றது என்று அர்த்தம். 6008-ஓ கெர்னல்-பவர் 41-ஓ இருந்திருந்தால் இடையில் ஏதோ முறிந்திருக்கிறது என்று கொள்ளலாம். ஆக, விண்டோஸ் தன் பங்கை முடித்துவிட்டுத்தான் போயிருக்கிறது. சந்தேகம் தீர ஒரு பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஏற்றி அதிலிருந்தும் அணைத்துப் பார்த்தேன். அதே விளக்குகள்.

அடுத்தது பயாஸ். அதில் ஈஆர்பி என்று ஒரு அமைப்பு இருக்கும். இது ஐரோப்பிய ஒன்றியத்தின் மின்சாரச் சிக்கன விதிகளுக்காக வந்தது. அணைந்த நிலையில் ஒரு சாதனம் 0.5 வாட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது 2013 முதல் அங்கே சட்டம். ஈஆர்பியை இயக்கினால், மதர்போர்டு யுஎஸ்பி போர்ட்களுக்கான ஸ்டாண்ட்பை கரண்டை வெட்டிவிட வேண்டும். கீபோர்டு இருண்டுவிட வேண்டும். இயக்கினேன். கீபோர்டு இருளவில்லை.

இப்போதுதான் விஷயம் சுவாரசியமானது. கேபினட்டின் பின்னால், பவர் சப்ளையிலேயே இருக்கும் சுவிட்சை அணைத்தேன். உள்ளே கெப்பாசிட்டர்களில் மிச்சமிருக்கும் கரண்டால் எல்இடி சில நொடி எரிந்துவிட்டு மங்கிப்போகும், அது வழக்கம். மங்கவில்லை. சரி, சுவரிலிருந்து பவர் கேபிளையே உருவினேன். மின்சாரத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத கணினியில் விளக்கு ஜம்மென்று எரிகிறது! அதற்குப் பிறகு யோசிக்க ஒன்றுமில்லை. பின்பக்கத்துக் கேபிள்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். ஹப்பின் கேபிளை எடுத்த அதே கணத்தில் எல்லாம் இருண்டன.

நடந்தது இதுதான். ஹப்பின் அடாப்டர் தரும் 5 வோல்ட் கீழே இருக்கும் டிஸ்க்குகளுக்குப் போவதோடு நிற்காமல், கணினிக்குப் போகும் கேபிள் வழியாக மேலேயும் ஏறிக்கொண்டிருந்தது. நான்-ரிட்டர்ன் வால்வு இல்லாத குழாயில் தொட்டித் தண்ணீர் பம்புக்கே திரும்பி வருவதைப் போல. இதற்கு பேக்ஃபீடிங் என்று பெயர். எந்தச் சாதனமும் தன்னை கணினியோடு இணைக்கும் கேபிளில் மேல்நோக்கிக் கரண்ட் அனுப்பக் கூடாது என்று 2000-இல் வெளிவந்த யுஎஸ்பி 2.0 விதித்தொகுப்பிலேயே தெளிவாக இருக்கிறது. தடுப்பதும் பெரிய வித்தையில்லை. இரண்டு 5 வோல்ட் பாதைகளுக்கு நடுவே, கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு ஒன்று வைக்கலாம். டயோடில் வோல்டேஜ் கொஞ்சம் குறையும் என்பதால் நல்ல ஹப்களில் மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டர் சுவிட்ச் வைப்பார்கள். இந்த ஹப்பில் இரண்டுமே இல்லை.

வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால் உறுதி செய்வது சுலபம். அடாப்டரைச் சுவரில் செருகி, கணினிக்குப் போக வேண்டிய பிளக்கைக் காற்றில் விட்டு, அதன் முன்வரிசை நான்கு தகடுகளில் இரண்டு ஓரத் தகடுகளுக்கு நடுவே அளக்க வேண்டும். ஒழுங்கான ஹப்பில் ஏறக்குறைய பூஜ்யம் காட்டும். இதில் 4.9 வோல்ட். மீட்டர் இல்லாதவர்கள் சின்ன யுஎஸ்பி டெஸ்டர் ஒன்றில் அந்தப் பிளக்கைச் செருகிப் பார்க்கலாம். வேறெதிலும் இணைக்காத டெஸ்டரின் திரை ஒளிர்ந்தால் ஹப் கசிகிறது.

விளக்கு எரிந்தால் எரியட்டுமே என்று சிலர் நினைக்கலாம். நான் இதற்கு மூன்று நட்சத்திரம் வெட்டியதற்கு விளக்கு காரணமில்லை. பாதி உயிரோடு இருக்கும் மதர்போர்டு, அடுத்த முறை இயங்கும்போது சுத்தமாக ரீசெட் ஆகாமல் திணறுகிறது. அதைவிடப் பெரிய ஆபத்து: பவர் கேபிளை உருவிவிட்டோம் என்ற நம்பிக்கையில் கேபினட்டைத் திறந்து ராமையோ கார்டையோ கழற்றுவோம், அப்போதும் போர்டில் கரண்ட் இருக்கும். இந்த ஹப்போடு நான் அப்படிக் கழற்றியிருந்தால் மதர்போர்டுக்கும் சேர்த்து விமர்சனம் எழுத வேண்டி வந்திருக்கும்.

நிறுவனத்தின் சேவைக்கு வருவோம். முதல் பதில், எல்லோருக்கும் அனுப்பும் பதில்: டிரைவரைப் புதுப்பிக்கவும், வேறு போர்ட்டில் செருகவும், விண்டோஸை மறுபடி நிறுவவும். சுவரோடு இணைப்பே இல்லாத கணினியில் விளக்கு எரிகிறது என்று எழுதியவனுக்கு விண்டோஸை மறுபடி நிறுவச் சொல்கிறார்கள்! மீட்டர் காட்டிய அளவைப் படமெடுத்து அனுப்பியதும் தொனி மாறியது. மறுபேச்சில்லாமல் மாற்று ஹப் வந்தது. அதிலும் அதே 4.9. ஆக இது ஒரு துண்டில் வந்த பழுதில்லை, வடிவமைப்பே அப்படி. அதைச் சொன்னதும் பணத்தைத் திருப்பிவிட்டார்கள், பொருளைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். விரைவாகவும் மரியாதையாகவும் நடந்தது. ஆனால் விற்பனைப் பக்கத்தில் அந்த மாடல் ஒரு திருத்தமும் இல்லாமல் இன்னும் இருக்கிறது.

இப்போது வைத்திருக்கும் ஹப் வேறு நிறுவனத்துடையது. போர்ட் குறைவு, கூடு பிளாஸ்டிக். பெட்டியைப் பிரித்ததும் முதலில் மீட்டரைத்தான் வைத்தேன்: பூஜ்யம். விவரக்குறிப்பில் 'பேக்ஃபீட் பாதுகாப்பு' என்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் விற்பவரிடம் கேளுங்கள். எழுதியிருந்தாலும் அளந்து பாருங்கள். ஏற்கெனவே கசியும் ஹப்பை வாங்கிவிட்டவர்கள், கணினியை அணைத்ததும் அடாப்டரையும் அணைக்கிற மாதிரி சுவிட்ச் உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டுக்கொள்ளலாம். பிளக்கின் ஓரத் தகட்டில் டேப் ஒட்டுகிற வைத்தியம் ஒன்றும் உண்டு. டேப் போர்ட்டுக்குள்ளே உரிந்து மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று நினைத்து நான் அதைத் தொடவில்லை.

ஹப்பே இல்லாமல் இதே அறிகுறி இருந்தால் மானிட்டர் கேபிளைக் கவனியுங்கள். டிஸ்ப்ளேபோர்ட்டில் 20-ஆம் பின் 3.3 வோல்ட்டுக்கானது, இரண்டு சாதனங்களை இணைக்கும் சாதாரணக் கேபிளில் அந்தப் பின் இணைக்கப்படாமல் இருக்க வேண்டும். மலிவான சில கேபிள்களில் அதையும் சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள், மானிட்டரிலிருந்து கிராபிக்ஸ் கார்டுக்குக் கரண்ட் ஏறிவிடுகிறது.

பழைய இரண்டு ஹப்களில் ஒன்றைத் திறந்து பார்த்தேன். கணினிக்குப் போகும் சிவப்பு வயரும் அடாப்டரின் பாசிட்டிவும் ஒரே செப்புப் பட்டையில் பற்றவைக்கப்பட்டிருந்தன. நடுவே டயோடுக்கான காலி இடம்கூட இல்லை. அந்தக் கேபிளை அடியோடு வெட்டி, முனையை மூடிவிட்டேன். கணினியே இல்லாமல் ஏழு போர்ட்டிலும் 5 வோல்ட் வருகிறது, புளூடூத் ஹெட்செட்டுக்கும் மேசை விளக்குக்கும் சார்ஜ் ஏற்ற வசதியாக இருக்கிறது. சார்ஜராக மதிப்பிடச் சொன்னால் மூன்றரை தருவேன்.