ஆன்லைனில் உரப்புழு வாங்கப் போகிறவர்களுக்கு: 2,850 ரூபாய் பறிகொடுத்தவள் எழுதுகிறேன்

2,850 ரூபாய் போய்விட்டது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். கொல்லையில் உரத்தொட்டி வைத்து, அதில் விட மண்புழு தேடிக்கொண்டிருப்பவர்கள், அதிலும் தேவிபட்டினம், உச்சிப்புளி, பெரியபட்டினம், தொண்டி என்று நம் கடற்கரை ஊர்க்காரர்கள், இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள். எப்படிப் பார்த்து வாங்குவது என்றும் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் வீடு இருப்பது சுத்த மணல். ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் மறுநிமிஷம் தடம் இருக்காது. உரம் போடாமல் இந்த மண்ணில் கத்தரி, வெண்டை எதுவும் நிற்காது. அதனால் வேப்பமர நிழலில் சிமெண்ட் உறை ஒன்றை இறக்கி, அடியில் தேங்காய் நார், மேலே நன்றாக மக்கிய சாணம், சருகு, காய்கறித் தோல் என்று அடுக்கி, பனை ஓலை போட்டு மூடி வைத்திருந்தேன். சாணம் சூடு தணியட்டும் என்று பொறுத்திருந்துதான் புழுவுக்கே தேடினேன். மீன் கழிவில் ஒரு செதில்கூடப் போடவில்லை. பின்னால் புழு செத்ததற்குத் தொட்டி காரணமில்லை என்று தெரியட்டும் என்பதால் இதைச் சொல்கிறேன்.

செடி, விதை, தொட்டி எல்லாம் விற்கிற ஒரு செயலி. அதில் ஒரு விற்பனையாளர், 'ஆப்பிரிக்க உரப்புழு, உயிரோடு வரும், ஒரு கிலோ' என்று போட்டிருந்தார். படத்தில் தடித்த, செம்பழுப்பு நிறப் புழுக்கள் கையளவு. எடுத்ததும் நான் பணம் கட்டவில்லை. அதில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டேன். ஒரு தம்பி பேசினார்.

"எந்த ஊருக்கா?"

சொன்னேன். எங்கள் போர் தண்ணீர் உப்பு என்பதையும் நானாகவே சொன்னேன். புழுவுக்கு மூக்கு கிடையாது, தோலால்தான் மூச்சு விடும், உப்பு பட்டால் உடம்பில் உள்ள ஈரமெல்லாம் போய் வதங்கிச் செத்துவிடும் என்று படித்திருந்தேன். அதைக் கேட்டதும் அந்தத் தம்பி சொன்னது அப்படியே நினைவிருக்கிறது.

"கவலையே படாதீங்கக்கா. நம்ம புழு கடலோரத்துக்குன்னே பழக்குனது. ராமேஸ்வரம், மண்டபம்னு எல்லாப் பக்கமும் போயிருக்கு. உப்புத் தண்ணியே தெளிச்சாலும் ஒண்ணும் ஆகாது. எங்க அம்மாவுக்கு அனுப்புற மாதிரி பார்த்து அனுப்புறேன்."

அம்மா என்று சொன்னதில்தான் விழுந்தேன். அந்தக் குரலில் அவ்வளவு பணிவு. வீடியோ காலில் ஒரு தட்டு நிறையப் புழுவைக் கிளறியும் காட்டினார். 2,850 ரூபாய் கட்டினேன்.

பார்சல் ஊருக்குள் வரவில்லை. ராமநாதபுரம் போய் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அந்த வெயிலில் பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தேன். காற்றுத் துளைகூட இல்லாத பிளாஸ்டிக் பை. பிரித்தபோதே நாற்றம். எடை ஒரு கிலோ சரியாகத்தான் இருந்தது, ஆனால் முக்கால்வாசி ஈர நார். ஒரு கிலோ புழு என்றால் கிட்டத்தட்ட ஆயிரம் உருப்படி இருக்கும். இதில் உயிரோடு நெளிந்தது நூறுகூடத் தேறாது. அதுவும் வெளிறிய, மெலிந்த புழு. அடுத்த வீட்டுப் பெரியப்பா ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"ஏத்தா, இது நாக்குப்பூச்சில்ல? கண்மாய்க் கரையில ஈரமான இடத்துல தோண்டுனா வரும். தூண்டில்ல கோக்கத்தான் ஆகும்."

அவர் சொன்னது சரி. உரம் ஆக்கும் புழு மக்கும் குப்பையின் மேலடுக்கில் இருந்து குப்பையைத் தின்னும். மண்ணுக்குள் வளை போட்டு மண்ணைத் தின்கிற புழுவை உரத்தொட்டியில் விட்டால் அது நிற்காது. காவிரிக் கூட்டுக் குடிநீரைத்தான் தெளித்தேன், போர் தண்ணீர் ஒரு சொட்டுப் படவில்லை. இருந்தும் விடிவதற்குள் பாதி உறை மேல் ஏறி வெளியே விழுந்து எறும்பு மொய்த்துக் கிடந்தது. மீதி அடியிலேயே செத்துப்போயிற்று.

அந்தத் தம்பிக்குப் படம் அனுப்பினேன். முதலில் "வெயில்க்கா" என்றார். அப்புறம், எந்த உப்பைச் சொல்லி என்னை நம்ப வைத்தாரோ அதே உப்பை என்மேலேயே திருப்பினார்: "உங்க ஏரியா தண்ணி உப்புக்கா, நீங்கதானே சொன்னீங்க? அதான் செத்துருச்சு." காவிரித் தண்ணீர்தான் ஊற்றினேன் என்றேன். "பார்சல் பிரிச்ச வீடியோ இருக்கா?" என்றார். இருக்கிறது, என் மகன் எடுத்திருந்தான், அனுப்பினேன். பார்த்துவிட்டார், நீல டிக் விழுந்தது. அதோடு சரி. இப்போது போனே போகவில்லை.

செயலிக்காரர்களிடம் போனால், உயிருள்ள பொருளுக்குப் பணம் திருப்பித் தரமாட்டோம் என்று இயந்திரம் பதில் சொல்கிறது. உயிரில்லாமல்தானே வந்தது! கேட்டது ஒன்று, வந்தது வேறு என்றும் எழுதினேன். 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று மூடிவிட்டு, சேவைக்கு நட்சத்திரம் போடச் சொல்லிச் செய்தி வருகிறது. 2,850 ரூபாய் அவர்களுக்குக் காசே இல்லை போலிருக்கிறது. எங்கள் வீட்டில் அது மாதத்து மளிகையில் பாதி.

2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளை விற்றவர் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது. புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இதை எழுதி அனுப்பியதற்கும் அதே இயந்திரப் பதில்தான்.

எப்படி வாங்குவது என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது அதற்கு மனம் ஓடவில்லை. இவ்வளவாவது கேளுங்கள். உப்பைத் தாங்கும் புழு என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். கோடையில் புழுவைப் பார்சலில் வரவழைக்காதீர்கள். நேரில் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். ராமநாதபுரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, அங்கே போய்க் கேளுங்கள். மாடு வைத்திருப்பவர் யாராவது தெரிந்தால் பழைய சாணக் குவியலின் அடியைக் கிளறிப் பாருங்கள், செந்நிறப் புழு அங்கேயே கிடைக்கும், அது குப்பையைத் தின்கிற நம்மூர்ப் புழுதான். பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள்.

1915-க்கு அழைத்து நுகர்வோர் புகார் பதிந்துவிட்டேன். அதிலும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப் போகிறேன். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே புகாருக்குக் கட்டணம் கிடையாது. 2,850 ரூபாய் திரும்ப வந்தால் இதிலேயே எழுதுகிறேன்.