எர்டிகாவுடன் ஆறு ஆண்டுகள்: கடைசி வரிசைதான் கணக்கு

2019 ஜூலையில் எடுத்த மாருதி சுசூகி எர்டிகா, ஏழு பேர் உட்காரும் வண்டி. பெட்ரோல், மேனுவல் கியர். இப்போது மீட்டர் 92,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. ஷோரூமில் நாங்களெல்லாம் ஸ்டியரிங்கையும் டச் ஸ்கிரீனையும் பார்த்துக்கொண்டிருக்க, அப்பா மட்டும் நேரே கடைசி வரிசைக்குள் ஏறி உட்கார்ந்தார். கால் மணி நேரம் இறங்கவே இல்லை. "முட்டி இடிக்கலப்பா, இதையே எடுத்துரலாம்" என்றார். ஏழு பேர் வண்டி வாங்குகிறவர்களுக்கு நான் இன்றைக்கும் சொல்வது அதைத்தான்: முதலில் கடைசி வரிசையில் உட்காருங்கள்.

அங்கே உட்காரலாம், ஆனால் நடுவரிசைக்காரர் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். நடு சீட் முன்னும் பின்னும் நகரும்; நாலு விரல் அளவு முன்னால் தள்ளினால் பின்னால் இருப்பவருக்குக் கால் நீட்ட இடம் கிடைக்கும். தரை சற்று உயரம் என்பதால் முட்டி மேலே தூக்கி நிற்கும். தொடைக்குப் பிடிப்பு போதாது. குழந்தைகளுக்கும் நடுத்தர உயரக்காரர்களுக்கும் திருச்சியிலிருந்து மதுரை வரை சிரமமில்லை. நல்ல உயரமான என் மைத்துனர் ஒரு மணி நேரத்திலேயே டீக்கடை தேடுவார். நடுவரிசைக்கு மேலே கூரையில் ஏசி காற்று வரும் துவாரங்கள் இருக்கின்றன, வேகத்தைக் கூட்டிக் குறைக்கத் தனித் திருகும் உண்டு. சித்திரை வெயிலில் பின்னால் இருப்பவர்களுக்கு அதுதான் உயிர்.

வருஷத்துக்கு ஒருமுறை கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போவோம். காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். 1,462 சிசி இன்ஜின், சுமார் 105 குதிரைத்திறன். நாலு பேர் போனால் தாராளம். ஏழு பேரும் ஏறிவிட்டால், வளைவு வருவதற்கு முன்பே இரண்டாவது கியருக்கு வந்துவிட வேண்டும். மூன்றிலேயே திருப்பிவிடலாம் என்று நினைத்தால் பாதி வளைவில் வண்டி மூச்சு வாங்கும். முதல் வருஷம் அப்படித் திணறி, அப்புறம் பழகிக்கொண்டேன். இறங்கும்போதும் அதே இரண்டாவது கியர்தான், பிரேக்கை மிதித்துக்கொண்டே வரக் கூடாது.

டிக்கி விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். மூன்று வரிசையும் நிமிர்ந்திருந்தால் 209 லிட்டர்தான். பொங்கல் பானை, ஒரு அடுப்பு, நிறுத்தி வைத்த இரண்டு பை, அவ்வளவே. கடைசி வரிசையை மடக்கினால் 550 லிட்டர், வீடே மாற்றலாம் போலிருக்கும். ஏழு பேரும் மூட்டை முடிச்சுமாகப் போகிறவர்கள் மேலே கேரியர் போட்டுக்கொள்வதே வழி. சிஎன்ஜி வண்டியில் அந்த இடத்தையும் சிலிண்டர் பிடித்துக்கொள்ளும். மைலேஜ் எனக்கு ஊருக்குள் 13, நெடுஞ்சாலையில் 18.

சிக்னலில் இன்ஜின் தானாக அணைந்து, கிளட்சை மிதித்ததும் கிளம்பும் ஸ்மார்ட் ஹைப்ரிட் இது. அதற்கான சின்ன லித்தியம் பேட்டரி முன் பயணி சீட்டுக்கு அடியில் இருக்கிறது. இன்ஜின் நின்றால் ஏசி கம்ப்ரஸரும் நிற்கும் என்பதால் வெயில் காலத்தில் பட்டனை அழுத்தி, தானாக அணையும் அந்த வசதியை நிறுத்தி வைத்துவிடுவேன். 60,000 கிலோமீட்டரில் முன்பக்கம் டக் டக்கென்று சத்தம் வந்தது. ஒரு பட்டறையில் ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றச் சொன்னார்கள். மனசு கேட்காமல் வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு ஆட்டிக் காட்டினார். தேய்ந்திருந்தது சஸ்பென்ஷனில் இருக்கும் லிங்க் ராட் என்ற சின்னக் கம்பி மட்டும். சில நூறு ரூபாயில் முடிந்தது.

இதே வண்டி ஊருக்கு ஊர் வேறு வேஷம் போட்டிருக்கிறது. கிள்ளானில் இருக்கும் சித்தப்பா மகன் 2017இல் வாங்கியது புரோட்டான் எர்டிகா; நம்முடைய முதல் தலைமுறை வண்டியேதான், ஆனால் மலேசியாவில் ஆறு பேர் வண்டியாக விற்றார்கள். இந்தோனேசியாவில் சில காலம் மஸ்டா விஎக்ஸ்-1 என்ற பெயரில் வந்தது. என்னுடைய இரண்டாம் தலைமுறை வண்டியை 2018 ஏப்ரலில் ஜகார்த்தாவில்தான் முதலில் காட்டினார்கள். நமக்கு நவம்பரில் வந்தது. இதே எர்டிகாவை உயர்த்திக் கட்டிய எக்ஸ்எல்7 விஷயத்தில் எனக்கு மெய்யாகவே வருத்தம் உண்டு. இந்தோனேசியர்களுக்கு அது ஏழு சீட்டோடும் தரையிலிருந்து 200 மில்லிமீட்டர் உயரத்தோடும் கிடைத்தது. நமக்கு வந்த எக்ஸ்எல்6இல் ஆறு சீட், 180 மில்லிமீட்டர். நம் கிராமத்துச் சாலைகளுக்கு அந்த 20 மில்லிமீட்டர் எவ்வளவு உதவியிருக்கும்! டொயோட்டா ரூமியன் 2021இல் தென்னாப்பிரிக்காவுக்குப் போய், 2023இல் இங்கேயும் வந்தது. உள்ளே எல்லாம் இதுவேதான். எந்த சர்வீஸ் சென்டர் வீட்டுக்குப் பக்கம் என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

பாதுகாப்பைச் சொல்லாமல் விட முடியாது. கார்களை மோதவிட்டுப் பார்த்து ஐந்து நட்சத்திரம் வரை மதிப்பிடும் குளோபல் என்கேப் சோதனையில் 2019இல் மூன்று நட்சத்திரம். விதிகள் கடுமையான பிறகு 2024இல் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஒன்றுதான். 2025இலிருந்து ஆறு ஏர்பேக் எல்லா மாடலிலும் வருகிறது. என் வண்டியில் இரண்டே இரண்டு. அதனால் கடைசி வரிசை வரைக்கும் பெல்ட் மாட்டிய பிறகுதான் சாவியைத் திருப்புவேன்.

அடுத்த மாதம் மறுபடியும் கொல்லிமலை. அப்பாவுக்கு இப்போது பின்னால் ஏற முடிவதில்லை, நடுவரிசைக்கு வந்துவிட்டார். கடைசி வரிசை என் மகளுக்கு. போன வாரம் அவள் அங்கே உட்கார்ந்து, "தாத்தா, கொஞ்சம் முன்னாடி தள்ளுங்க" என்றாள். அவரே லீவரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டார்.